பதினொரு பேருக்கு ஒரு கை

தேசியக் கால்பந்து வாரிய அலுவலகத்தில் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. “கை வந்தாச்சா?” என்பார்கள். “கை இன்னைக்கு லீவு” என்பார்கள். காரணம் இதுதான்: நாட்டுக்காக ஆடும் பதினொரு பேருக்கும் அவன்தான் கையெழுத்துப் போடுகிறான். ஒப்பந்தத்தில் அல்ல, அதற்கென்றால் ஒவ்வொருத்தரும் முண்டியடித்துக்கொண்டு வந்து தானே போட்டுவிடுவார்கள். ரசிகர்களுக்குப் போகும் பந்தில், பனியனில், படத்தில். ஒன்பது வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

அவன் வேலைக்குச் சேர்ந்தது ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுத. முதல் வருடம் வலைப்பையில் பந்துகளைத் தூக்கிக்கொண்டு பயிற்சி மைதானத்துக்கு நடையாய் நடந்தான். ஒருத்தர் குளிக்கப் போயிருப்பார். ஒருத்தர் கேமரா முன்னால் சிரித்துக்கொண்டிருப்பார். அகப்பட்ட ஒருத்தர், “முதல்ல அவன் போட்டானா?” என்று கேட்பார். போட்டுவிட்டார் என்றால், “அவனுக்குக் கீழ நான் போடணுமா?” போடவில்லை என்றால், “அவன் போட்டப்புறம் வா.” சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி தயாராகத்தான் நின்றான், சாமிகள்தான் கையை நீட்டவில்லை. கடைசியில் செயலாளர் ஒருநாள், “உன் எழுத்துதான் அழகா இருக்கே, நீயே போட்டு அனுப்பிடு. யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கப் போறாங்க?” என்றார்.

அவனுடைய அறை தரைத்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்கு அடுத்தது. ஜன்னல் உண்டு, திறக்காது. மார்க்கர் மையின் நெடி சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. மதியச் சாப்பாட்டிலும் அதுதான் மணக்கும். மேசைமேல் பதினொரு பேனா, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். கோல்கீப்பருக்குப் பட்டை முனை, ஓரத்தில் ஓடுகிறவருக்கு ஊசி முனை. பத்துப் பேர் மாதிரிக் கையெழுத்தாவது கொடுத்திருந்தார்கள். இப்போது கேப்டனாக இருப்பவர் அணிக்குப் புதிதாக வந்தபோது அதைக்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்தார். கை பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே ஒன்றை உண்டாக்கினான். முதல் எழுத்து எகிறிக் குதிக்கும், மற்ற எழுத்துகள் அதன் பின்னால் ஓடும், அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அது நாடு முழுக்கப் பரவியது. கொடியில் அச்சடித்தார்கள், பனியனில் தைத்தார்கள், சில பேர் கையில் பச்சையே குத்திக்கொண்டார்கள்.

கழிப்பறைக்குப் போகும் நடையில் ஒரு பெரிய சுவரொட்டி இருந்தது. பதினொரு கைகள், ஒன்றின்மேல் ஒன்று. கீழே கொட்டை எழுத்தில், ‘பதினொரு பேர், ஒரே கை.’ அந்தக் கைகளைத் தனித்தனியாகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஒட்டினார்கள், ஏனென்றால் கேப்டனும் பத்தாம் நம்பரும் ஒரே அறைக்குள் வர மறுத்துவிட்டார்கள். வாசகத்தை எழுதியவருக்கு அது எவ்வளவு பெரிய உண்மை என்று தெரிந்திருக்காது. அதைக் கடக்கும்போதெல்லாம் கைக்குத் துப்ப வேண்டும்போல் இருக்கும். துப்பினால் துடைக்கப்போவது கூட்டிப் பெருக்கும் அம்மாள் என்பதால் விழுங்கிக்கொள்வான்.

கேப்டனுக்கும் பத்தாம் நம்பருக்கும் உள்ள பகை ஊரறிந்தது. போன தொடரில், கோல் வாயில் காவலே இல்லாமல் பத்தாம் நம்பர் தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்க, கேப்டன் பந்தை அவருக்குத் தராமல் தானே அடித்துப் பார்வையாளர் மாடத்துக்கு அனுப்பினார். ஆட்டம் போயிற்று. உடைமாற்றும் அறையில் ஒரு பூட்ஸ் பறந்து கண்ணாடி உடைந்தது. மறுநாள் இரண்டு பேரும் டிவியில் தோள்மேல் கை போட்டுக்கொண்டு, “அணி ஒரு குடும்பம்” என்றார்கள். குடும்பம்தான், யார் இல்லை என்றது? பாகம் பிரிக்க உட்கார்ந்த பங்காளிகள் குடும்பம்.

இதையெல்லாம் அவன் சகித்துக்கொண்டிருக்கலாம். சகிக்க முடியாதது ஒன்றே ஒன்று. அது அக்கா வீட்டுக்காரரின் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

மாமாவுக்குச் சாவி செய்கிற தொழில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆறடிக்கு நாலடி கடை. தொலைத்தவர்களுக்கும் பூட்டிவிட்டு மறந்தவர்களுக்கும் டூப்ளிகேட் போட்டுக்கொடுப்பார். அந்த நேரம் போக மீதி நேரம் முழுக்க நாட்டு அணியின் ரசிகர். இருபத்தாறு வருடமாக ரசிகர் சங்கத்தின் தலைவர், அதை ஆரம்பித்தவரே அவர்தான். கல்யாணப் போட்டோவில் எல்லாரும் கேமராவைப் பார்க்க, மாமா மட்டும் பக்கத்து அறை டிவியில் ஓடிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா அந்தப் படத்தை இன்றுவரை மாட்டவில்லை. அணி தோற்கும்போது யாராவது கிண்டல் செய்தால் மாமா ஒன்றுதான் சொல்வார். “தேய்ஞ்சா மாத்திக்கிறதுக்கு இது என்ன செருப்பா?”

ஆறு வருடத்துக்கு முன் அணி ஏழு–பூஜ்யம் என்று தோற்றது. மாமா இரண்டு நாள் கடை திறக்கவில்லை, சாப்பிடவில்லை, அக்காவோடு பேசவில்லை. அக்கா தம்பிக்குப் போன் போட்டு அழுதாள். கை என்ன செய்வான்? தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். ஒரு பந்தை எடுத்து, மூப்பு வரிசைப்படி பதினொரு கையெழுத்தும் போட்டு, கொண்டுபோய் மாமா மடியில் வைத்தான்.

“இவங்களே போட்டாங்களா, மாப்ள?”

“ஆமா மாமா. எல்லாரும் ஒரே மேசையில.”

மேசை ஒன்றுதான், அதில் பொய் இல்லை. மாமா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏழு வாங்கியும் பிரியாம ஒண்ணா உக்காந்திருக்காங்க பாரு. அதுதான்டா டீம்,” என்றார். மறுநாள் காலை கடை திறந்தது. அடுத்த வாரம் தானே ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, தானே ஒரு பூட்டுச் செய்து, பந்தை உள்ளே வைத்துப் பூட்டினார். தன் கடையிலேயே டூப்ளிகேட் இல்லாத ஒரே சாவி அதுதான் என்று பெருமையாகச் சொல்வார். அன்றிலிருந்து கை அந்தக் கடைக்குப் போனால் பெட்டி இருக்கும் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

அப்படி ஆறு வருடம் ஓடியது. பெரிய தொடர் ஒன்று தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது செயலாளர் அவனை மேலே கூப்பிட்டார். கேப்டனும் பத்தாம் நம்பரும் அடித்துக்கொண்டதில் ரசிகர்கள் மைதானத்திலேயே ஊளையிட ஆரம்பித்திருந்தார்கள். அதனால் ஒரு விழா. ரசிகர் சங்கங்களைக் கூப்பிட்டு, இருப்பதிலேயே பழைய ரசிகருக்கு மேடையில் மரியாதை. அவர் பத்திரமாக வைத்திருக்கும் பந்தில் கேப்டன் எல்லார் முன்னாலும் மறுபடி கையெழுத்துப் போடுவார். அந்தப் பழைய ரசிகர் மாமாதான் என்பது செயலாளர் சொல்லித்தான் கைக்குத் தெரிந்தது.

“கேப்டன் நிஜமாப் போடுற கையெழுத்தும் நீ போடுறதும் ஒரே மாதிரிதானே இருக்கும்?” என்றார் செயலாளர்.

“நிஜத்தை நான் பார்த்ததே இல்ல, சார்.”

செயலாளர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். “அப்போ போய்க் கத்துக் குடு,” என்றார்.

கை ஒரு வெள்ளைத்தாளில் அந்தக் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போனான். உடைமாற்றும் அறையில் ஈரக் காலுறையும் தைலமும் சேர்ந்து அடித்த நாற்றம் வாசலிலேயே மூக்கில் அறைந்தது. இங்கேயும் அந்தச் சுவரொட்டி இருந்தது. பத்தாம் நம்பரின் கைமேல் யாரோ மென்ற சூயிங்கத்தை ஒட்டியிருந்தார்கள். கேப்டன் குப்புறப் படுத்துப் போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். மசாஜ் செய்கிறவர் அவருடைய கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தார். கை விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினான்.

“நல்லா இருக்கே. யாரோடது?”

“உங்களோடது, சார்.”

மசாஜ்காரர் சிரிப்பை இருமலாக்கினார். கேப்டன் தலையைத் தூக்கினார். “என் கையெழுத்தை எனக்கே சொல்லித் தர வந்தியா?”

“ஒருநாள் மட்டும் சார். அந்தப் பெரியவர் எங்க மாமா. அக்கா வீட்டுக்காரர். ஆறு வருஷமா அந்தப் பந்தைப் பூட்டிப் பாதுகாக்கிறாரு. அத்தனை பேர் முன்னாடி வித்தியாசம் தெரிஞ்சா அவருக்கு அசிங்கமாப் போயிடும். அவரை மட்டும் காப்பாத்தி விடுங்க.”

வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. கேப்டன் போனைக் கீழே வைத்ததைப் பார்த்து, மனசு இளகிவிட்டது என்றுகூட நினைத்தான்.

“அந்தப் பந்துல நான் எங்க இருக்கேன்?”

“அப்போ நீங்க புதுசு, சார். கீழ. காத்தடிக்கிற ஓட்டைக்குப் பக்கத்துல.”

“உச்சியில யாரு?”

கையின் பார்வை சுவரொட்டியில் சூயிங்கம் ஒட்டியிருந்த இடத்துக்குப் போனது. கேப்டன் மறுபடி குப்புறப் படுத்துப் போனை எடுத்துக்கொண்டார். தாள் தரையில் விழுந்து தைலத்தை உறிஞ்சிக் கண்ணாடிபோல் ஆயிற்று.

வழி ஒன்றுதான் இருந்தது. கை நேராக மாமா கடைக்குப் போய், விழாவுக்குப் புதுப்பந்து ஒன்று கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். மாமா கேட்கவே இல்லை. “அப்போ சின்னப் பையனா வந்து ஓரத்துல போட்டான். இப்போ கேப்டனா அதே பந்துல போடப் போறான். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்டா. அதைப் பார்க்கிறதுக்குத்தானே இத்தனை வருஷம் வெச்சிருந்தேன்,” என்றார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. மாமா பெட்டியைத் திறந்து பந்தை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். கை எழுந்து வந்துவிட்டான்.

விழா அன்று மண்டபத்தில் முன்னூறு பேர். மேடையில் நீள மேசை, பதினொரு நாற்காலி, வந்திருந்தவர்கள் ஏழு பேர். ஒரு கோடியில் கேப்டன், மறு கோடியில் பத்தாம் நம்பர், நடுவில் செயலாளர் வேலிபோல் உட்கார்ந்திருந்தார். கைக்குக் கொடுத்த வேலை, பேனாத் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நிற்பது. முன்வரிசையில் மாமாவின் சங்கத்து ஆட்கள் மேளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் வெல்டர் ஒருவர் இருபது வருடமாக மாமாவுக்கு வலது கை. தன் முன்கையில் கேப்டனின் கையெழுத்தைப் பச்சை குத்தி வைத்திருந்தார், கோடும் இரண்டு புள்ளியுமாக. அன்றைக்கு எல்லாரும் பார்க்கட்டும் என்று சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து விட்டிருந்தார்.

மாமா இஸ்திரி போட்ட சட்டையில், தலையைப் படிய வாரி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடை ஏறினார். சாவி போட்டுத் திறந்தார். பந்தைக் கேப்டன் முன்னால் வைத்தார். கேப்டன் அதை ஒற்றை விரலால் உருட்டினார். உச்சியில் பத்தாம் நம்பரின் கையெழுத்து வந்து நின்றது. மறு கோடியிலிருந்து பத்தாம் நம்பர் எட்டிப் பார்த்துவிட்டுப் பல்லைக் காட்டினார். “அந்தக் காலத்துலேருந்தே நாமதான்பா மேல,” என்றார், மைக்கில் விழும்படியாகவே.

கேப்டனின் காது மடல் சிவந்தது. மைக்கை இழுத்துக்கொண்டார்.

“ஐயா, உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க. இது என் கையெழுத்தே இல்ல. இந்தப் பந்தே போலி.”

சொல்லிவிட்டு மேசையில் கிடந்த புதுப்பந்து ஒன்றை எடுத்து, பேனா எழுதுகிறதா என்று பார்ப்பதுபோல் இரண்டு கிறுக்குக் கிறுக்கினார். “இதுதான் அசல்,” என்று மாமா கையில் திணித்தார்.

முதல் சிரிப்பு வெல்டரிடமிருந்து வந்தது. “தலைவரே, போலிக்கா கண்ணாடிப் பெட்டி செஞ்சீங்க?” பின்னாலிருந்து ஒருத்தர், “அவருதான் டூப்ளிகேட் போடுறவராச்சே” என்றார். அவ்வளவுதான், முன்னூறு பேரும் சிரித்தார்கள். கை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். வெல்டர் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மெதுவாக இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். ஒருத்தர் கொடியைச் சுருட்டினார். ஒரு பெண் கழுத்துத்துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். எல்லாவற்றிலும் அதே கோடு, அதே இரண்டு புள்ளி. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எல்லாரும் தங்களுடையதை ஒளித்துக்கொண்டு ஒருத்தரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

செயலாளர் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். மாமாவும் திரும்பிப் பார்த்தார். ‘நான்தான் போட்டேன்’ என்று இரண்டே வார்த்தை. அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அவன் தன் வேலையை நினைத்தான். நினைத்தான் என்பதுதான் உண்மை, அதைப் பூசி மெழுக வழியில்லை.

மாமா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைக் பக்கம் குனிந்தார்.

“மன்னிச்சுக்குங்க. நான்தான் போட்டேன். ஆசையில நானே எழுதி வெச்சுக்கிட்டேன்.”

கேப்டன் எழுந்து மாமாவின் தோளைத் தட்டினார். “பரவால்ல ஐயா, எல்லாம் அன்புதானே,” என்றார். அவருடைய பெருந்தன்மைக்கு மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மேசையிலிருந்து உருண்டு விழுந்த பழைய பந்து பத்தாம் நம்பரின் காலடிக்குப் போனது. அவர் பழக்கதோஷத்தில் அதை எத்தினார். அது கூட்டத்துக்குள் விழுந்தது, கூட்டம் அதைக் காலால் தட்டிக்கொண்டே வாசல் வரை கொண்டுபோயிற்று.

திரும்பும் பேருந்தில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் காலிப் பெட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் பையில் அந்தக் கிறுக்கல் பந்து. கை பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஒரே மேசையிலதான் போட்டாங்கன்னு சொன்னியே, மாப்ள.”

“மேசை ஒண்ணுதான் மாமா.”

மாமா மூக்கால் சிரித்தார். அது சிரிப்பே இல்லை.

“நீங்க ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே.”

“உனக்கு வேலை போயிருக்கும். உங்க அக்கா என்னைத்தான் திட்டுவா.” கொஞ்ச தூரம் போனதும், “அடுத்த வாரம் மேட்ச் வேற இருக்கு. இந்த நேரத்துல டீம் பேரு கெடக் கூடாது,” என்றார்.

டீம். செருப்பால் அடித்திருந்தால்கூடக் கைக்கு இப்படி வலித்திருக்காது. அந்த ஏழு பேர் மேலும், முன்னூறு பேர் மேலும் வந்த அருவருப்பு அத்தனையும் திரும்பி அவன்மேலேயே கவிழ்ந்தது. அந்த வாரமே சங்கம் கூடி, அணியின் பெயருக்கு இழுக்குத் தேடியதாக மாமாவைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியது. வெல்டர் தலைவரானார். கடைக் கதவில் யாரோ சாக்பீஸால் ‘டூப்ளிகேட்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். அக்கா போன் செய்தாள். “உங்க மாமாவுக்கு இந்த வயசுல ஏன்டா இந்தப் புத்தி? திருட்டுக் கையெழுத்துப் போடுற அளவுக்கா? நீயாவது அவருக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்றாள். கை, “சொல்றேன்கா” என்றான். அதற்குப் பிறகு அவனால் சாப்பிட முடியவில்லை.

மேலே இருந்து புது உத்தரவு வந்தது. இருநூறு பந்து. இனிமேல் கேப்டன் எல்லாருக்கும் மேலே, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பெரிதாக, அவர் மேடையில் போட்ட மாதிரியே வேகமாக. பத்தாம் நம்பர் காற்றடிக்கும் ஓட்டைக்குப் பக்கத்தில். கை முதல் பந்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக எழுத விரல் வரவில்லை. எழுந்துபோய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினான். மறுபடி கழுவினான். விரல் இடுக்கில் ஊறிய மை போகவில்லை. நடையில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தான், இந்தத் தடவை துப்பினான். பிறகு கைக்குட்டையை நனைத்துத் தானே துடைத்துவிட்டு அறைக்கு வந்தான்.

பட்டை முனைப் பேனாவை எடுத்து, உச்சியில், மாமாவின் பெயரை எழுதினான்.

மாமாவின் கையெழுத்து அவனுக்கு மனப்பாடம். இருபத்தாறு வருடத்து உறுப்பினர் அட்டைகள் எல்லாவற்றிலும் இருப்பது. முன்னெழுத்து ஒன்று, அதற்குப் பின் முழுப்பெயரும் பள்ளிக்கூடத்துப் பையன்போல் எழுத்து எழுத்தாக. கை அதைச் சாய்த்து, இழுத்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி விட்டான். அவசரமாகப் பார்த்தால் பெரிய மனிதர் ஒருவரின் கிறுக்கல். நின்று படிக்கிறவருக்கு ஓர் எழுத்துக்கூடக் குறையாது. இருநூறு பந்திலும் போட்டான். மூன்று நாள் ஆயிற்று. ஒன்றில்கூட அவசரப்படவில்லை, ஒன்றில்கூட மை கலங்கவில்லை.

செயலாளர் பார்த்துவிட்டு, “இப்பதான் கேப்டன் மாதிரி இருக்கு” என்றார். கேப்டனிடம் காட்டி ஒப்புதல் வாங்க ஒரு பந்து போனது. கையே கொண்டுபோனான். கேப்டன் அதை வாங்கி, முதலில் உச்சியைப் பார்த்தார், பிறகு கவிழ்த்து ஓட்டைக்குப் பக்கத்தில் பத்தாம் நம்பரைத் தேடிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “ஆங், இதான் என் கையெழுத்து,” என்றார். எழுத்தைப் படிக்கவில்லை. படிக்கமாட்டார் என்று கைக்குத் தெரியும். பந்துகள் மூட்டையாகக் கட்டப்பட்டு ஊர் ஊராகப் போயின.

தொடரின் முதல் ஆட்டத்திலேயே அணி மூன்று–ஒன்று என்று தோற்றது. அந்த ஒரு கோல் தன்னால்தான் என்று கேப்டனும் சொன்னார், பத்தாம் நம்பரும் சொன்னார். மாமா அந்த ஆட்டத்தை வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார் என்று அக்கா சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை, கை அலுவலகம் போகும் வழியில் மாமா கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். விழாவுக்குப் பிறகு தினமும் வருகிறான். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான். மாமா ஒரு அலமாரிச் சாவியை ராவிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டியில் இப்போது ஆளில்லாத பழைய பூட்டுகள் கிடந்தன. அப்போது வெல்டர் வந்து நின்றார். பட்டறைச் சாவி தொலைந்துபோயிற்றாம். வேறு கடை தூரம் என்பதால் வந்திருந்தார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

சாவி செதுக்குகிற நேரம் சும்மா நிற்கச் சங்கடப்பட்டோ என்னவோ, வெல்டர் பேச ஆரம்பித்தார். “சங்கத்துக்குப் பந்து வந்துச்சு தலைவரே. கேப்டன் அசல் கையெழுத்து. வாரியத்து முத்திரையோட.” பழைய வழக்கத்தில் தலைவரே என்று வந்துவிட்டது. மாமா தலையாட்டினார்.

“பழசு போலின்னு ஆயிடுச்சில்ல, எனக்குத் தூக்கமே வரல. அது மேலயே கறுப்பா அடிச்சு மறைச்சுட்டேன். மறு கையில புதுசு குத்திக்கிட்டேன். அந்தப் பந்துல உள்ளதை அப்படியே தாள் வெச்சு எடுத்து.” சட்டைக் கையை மடித்து நீட்டினார். இன்னும் வீக்கம் வற்றவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீண்டிருந்தது.

கை முக்காலியிலிருந்து எழுந்துவிட்டான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சாவித் தட்டைப் பார்த்தான்.

மாமா மெஷினை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெல்டரின் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே இழுத்து, சாவிப் பல்லைப் பார்க்கிற அதே பொறுமையோடு பார்த்தார். உதடு ஒவ்வொரு எழுத்தாக அசைந்தது. முன்னெழுத்து. பெயர். கடைசி எழுத்தின் வால். முடித்துவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தார். பிறகு தலையைத் தூக்கி மச்சினனைப் பார்த்தார்.

“என்ன தலைவரே, அசல்தானே?” என்றார் வெல்டர். குரலில் லேசாகக் கலவரம் இருந்தது.

“அழிக்க முடியாதுல்ல?”

“உசுரு போனாலும் போகாது.”

“அப்போ அசல்தான்,” என்று சொல்லிவிட்டு மாமா மறுபடி மெஷினைப் போட்டார்.